எருவை எழும் வரை

முதல் தடவை சான் பெட்ரோ ஆற்றுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பதரை மணி. ஜூன் மாதம். கார் கதவைத் திறந்ததும் அடுப்படிக் காற்று முகத்தில் அறைந்தது. கழுத்தில் புதுத் தொலைநோக்கி, கையில் அரை லிட்டர் தண்ணீர். மூன்று மணி நேரம் கரையோரமாக நடந்தேன். அடையாளம் தெரிந்தது வானத்தில் வட்டமடித்த நான்கு பிணந்தின்னிக் கழுகுகள், நிழலில் அலகைப் பிளந்து மூச்சு வாங்கிய ஒரு புறா. கிடைத்தது தலைவலி. எங்கெங்கிருந்தோ ஆட்கள் பறவை பார்க்க வந்து குவியும் ஆறு இது என்பதெல்லாம் யாரோ கட்டிவிட்ட கதை என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

அடுத்த ஆண்டு, அதே ஜூன், அதே இடம். இந்த முறை போய் இறங்கியது காலை நாலேமுக்காலுக்கு. நான்கு மணி நேரத்தில் நோட்டுப்புத்தகத்தில் முப்பத்தொரு பெயர்கள் ஏறின. ஆறு மாறவில்லை, பறவைகளும் புதிதாக வந்துவிடவில்லை. நான் போன நேரம் மாறியிருந்தது. அதோடு, நடப்பதை முக்கால்வாசி குறைத்திருந்தேன்.

சான் பெட்ரோ பார்வைக்குப் பெரிய ஆறு ஒன்றுமில்லை. மெக்ஸிகோவின் சொனோரா மாநிலத்தில், கனனேயா என்ற சுரங்க நகரத்துக்கு அருகே பிறந்து, எல்லை தாண்டி வடக்கு நோக்கி அரிசோனாவுக்குள் ஓடி, ஏறத்தாழ 225 கிலோமீட்டர் கடந்து ஹீலா ஆற்றில் கலக்கிறது. மழைக்கு முந்தைய ஜூனில் பல இடங்களில் அதை ஒரே தாண்டாகத் தாண்டிவிடலாம். ஆனால் அமெரிக்கத் தென்மேற்கில் பெரிய அணை எதுவும் மறிக்காமல் மிஞ்சியிருக்கிற மிகச் சில ஆறுகளில் இதுவும் ஒன்று. 1988இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதன் 64 கிலோமீட்டர் நீளத்தைப் பாதுகாக்கப்பட்ட ஆற்றங்கரைப் பகுதியாக அறிவித்தது. அதையொட்டி மாடுகளை வெளியேற்றினார்கள். சில ஆண்டுகளுக்குள் கரையோரப் புல்லும் புதரும் எழுந்தன, பறவைகளும் பெருகின. இதுவரை 350க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. அவற்றில் நூறு போல இங்கேயே கூடு கட்டுகின்றன, மற்றவை வலசை வழியில் தங்கிப் போகின்றன.

சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை முட்செடியும் வெளிறிய மண்ணும். நடுவில் தெற்கு வடக்காக ஒரு பச்சைக் கோடு. அந்தக் கோட்டின் அகலம் சில நூறு மீட்டர்தான். தண்ணீர், நிழல், புழு, பொந்து எல்லாம் அதற்குள் மட்டுமே இருப்பதால் பறவைகளுக்கு வேறு போக்கிடம் இல்லை. இதை நான் முதல் பயணத்தில் புரிந்துகொள்ளவில்லை. காட்டில் தேடுவதுபோல் தேடி அலைந்தேன். பாலைவன ஆற்றில் அந்த அலைச்சல் தேவையே இல்லை.

டூசான் நகரத்திலிருந்து போனால் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். பென்சன் ஊரில் பெருஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பி, சியரா விஸ்டாவைக் கடந்து கிழக்கே சில மைல் போனால் சான் பெட்ரோ இல்லம் என்ற பழைய பண்ணை வீடு வரும். தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். முன்னால் ஒரு காட்டன்வுட் மரம் நிற்கிறது, நாலைந்து பேர் கைகோத்தாலும் வளைக்க முடியுமா என்பது சந்தேகம். நுழைவுக் கட்டணம் இல்லை. திரும்பும்போது அந்தச் சாலையில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி உண்டு. விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டையும் உரிய தாள்களையும் கையோடு வைத்திருப்பது நல்லது. பறவை பார்க்கப் போகிற அவசரத்தில் நான் ஒரு முறை மறந்துவிட்டுப் போய், சாவடி நெருங்க நெருங்க வியர்த்த வியர்வைக்கும் பாலைவன வெயிலுக்கும் சம்பந்தமே இல்லை.

அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே நகர்த்தும் வழக்கம் கிடையாது. அதனால் ஜூனில் சூரியன் ஐந்தேகாலுக்கெல்லாம் எழுந்துவிடும். அதற்கு அரை மணி முன்பே வெளிச்சம் கசியத் தொடங்கும். அந்த அரை மணியை இழந்தால் காலையில் பாதி போனது போலத்தான்.

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியபோது குளிர்ந்தது. இது 1200 மீட்டர் உயரமுள்ள நிலம். இரவில் குளிர்காற்று சரிவில் இறங்கி ஆற்றுப் பள்ளத்தில் தேங்கிவிடுகிறது. மெல்லிய மேலாடை ஒன்று கட்டாயம் வேண்டும், ஏழு மணிக்கு அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். சகாட்டோன் என்று இங்கே சொல்கிற கோரைபோன்ற புல் தோளுயரத்துக்கு வளர்ந்திருக்க, நடுவே ஒற்றையடிப் பாதை ஆற்றை நோக்கிப் போகிறது. பத்து நிமிட நடை. கையில் டார்ச் இருக்கட்டும். கிலுகிலுப்பைப் பாம்புகள் கோடையில் இரவிலும் விடியலிலும்தான் நடமாடும். நீளக் கால்சட்டையும் கணுக்காலை மூடும் காலணியும் போட்டிருந்தும், பாதையில் கிடந்த ஒவ்வொரு குச்சிக்கும் நான் நின்று மரியாதை செலுத்திவிட்டே போனேன்.

பாதையின் இருபுறமும் மெஸ்கீட் மரங்கள். இருட்டில் தொட்டுப் பார்த்தால் நம் சீமைக்கருவேலம்தான். அதே முள், அதே சிறகிலை. நெருங்கிய உறவு, ஒரே குடும்பத்து மரம். நம்மூரில் வேரோடு பிடுங்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை வழக்குப் போன சாதியின் சொந்தக்காரன் இங்கே மண்ணின் மைந்தனாக, மரியாதையாக நிற்கிறான். அவன் பட்டைப் பிளவிலும் பொந்திலும் லூசி கதிர்க்குருவி கூடு வைக்கிறது. உள்ளங்கையில் மூன்றைப் பிடித்துவிடலாம் என்கிற அளவுக்குச் சிறியது, சாம்பல் நிறம். பொந்துக்குள் கூடு வைக்கும் கதிர்க்குருவிகள் வட அமெரிக்காவிலேயே இரண்டுதான், அதில் இது ஒன்று. ஒரு மரம் எங்கே பிறந்தது என்பது இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

முதல் அரை மணி நேரம் தொலைநோக்கியைத் தொடவே வேண்டாம் என்பேன். அந்த இருட்டில் தெரிவதெல்லாம் கறுப்புப் பொட்டு. காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் போதும். கூப்பிடுகிற ஒவ்வொன்றும் எந்தத் திசை, எந்த உயரம் என்று மனத்தில் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். வெளிச்சம் வந்ததும் எங்கே பார்ப்பது என்று தடுமாற வேண்டியிருக்காது. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது துப்புக் கொடுக்கிற ஆள் மட்டுமே, சாட்சி அல்ல. கண்ணால் பார்க்காமல், அல்லது காதால் ஐயம் தீராமல், செயலி சொன்னதை நோட்டில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

அன்று ஒரே புதருக்குள்ளிருந்து முதலில் சீட்டி, பிறகு கரகரப்பு, பிறகு காகம் கரைவதுபோல் ஒன்று, பிறகு யாரோ பழைய காரின் ஹார்னை அழுத்தியது போல் ஒன்று. நான்கு பிராணிகள் உள்ளே சண்டை போடுகின்றன என்றே நினைத்தேன். எல்லாம் ஒரே பறவை, மஞ்சள் மார்பு சாட். வெளிச்சம் வந்த பிறகு புதரின் உச்சியில் ஏறி, இவ்வளவு ரகளையும் தன்னுடையதுதான் என்பதுபோல் நின்று காட்டியது.

இந்த இடத்தில் முதல் பயணத்தின் ஒரு வெட்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பச்சை மீன்கொத்தியைப் பார்த்தே தீர வேண்டும் என்ற வெறியில், போனில் அதன் குரலைப் போட்டுக்கொண்டே நடந்தேன். அமெரிக்காவில் டெக்சாஸின் தெற்கையும் அரிசோனாவின் தென்கிழக்கு மூலையையும் விட்டால் அதைப் பார்ப்பது அரிது. எதிரே வந்த முதியவர் ஒருவர் நின்று, முட்டைமேல் உட்கார்ந்திருக்கிற பறவையை எதிரி வந்துவிட்டான் என்று பொய் சொல்லி எழுப்புகிறாய், இந்த வெயிலில் முட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்று நினைக்கிறாய் என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். அதற்குப் பிறகு குரல் போட்டு எந்தப் பறவையையும் நான் கூப்பிட்டதில்லை.

ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது என்று சொன்னேன் அல்லவா, காலையில் இதுதான் முக்கியமான செய்தி. பண்ணை வீடும் பாதையும் மேற்குக் கரையில் இருக்கின்றன. அங்கே நின்று ஆற்றைப் பார்த்தால் முகம் கிழக்கே, சூரியன் கண்ணுக்குள்ளே. எதிர்க்கரை மரத்தில் உட்கார்ந்த பறவையெல்லாம் வண்ணமில்லாத நிழலாகவே தெரியும். முதல் பயணத்தில் வழிகாட்டி நூலின் பக்கங்களைப் புரட்டிப் புரட்டி வெறுத்துப்போனதற்குப் பாதிக் காரணம் இது. இரண்டாம் முறை, தண்ணீர் கணுக்கால் அளவே இருந்த இடமாகப் பார்த்து, கற்களில் கால்வைத்துக் கிழக்குக் கரைக்குத் தாண்டினேன். சூரியன் முதுகுக்குப் பின்னால். எதிரே மேற்குக் கரையின் காட்டன்வுட் மரங்கள் அத்தனையும் மேடை விளக்குப் போட்டதுபோல் நின்றன.

அந்த மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரச மரத்தடியில் வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகவே தோன்றாது. இதய வடிவ இலை, நீண்ட காம்பு, காற்றே இல்லாதபோதும் சலசலப்பு. கண்ணை மூடினால் ஏதோ ஒரு குளக்கரைப் பிள்ளையார் கோயில். மழை பெய்கிறதோ என்று இரண்டு முறை அண்ணாந்து பார்த்து ஏமாந்தேன்.

வெயில் மரங்களின் உச்சியில் முதலில் விழுகிறது. குளிரில் விறைத்துக் கிடந்த பூச்சிகள் அங்கேதான் முதலில் உயிர் பெறுகின்றன. எனவே பறவைகளும் அங்கேதான் முதலில் கூடுகின்றன. வெளிச்சம் ஒவ்வொரு கிளையாக இறங்க இறங்க, கூட்டமும் கூடவே இறங்குகிறது. இதைக் கண்டுகொண்ட பிறகு நான் செய்த வேலை ஒன்றே ஒன்று, ஒரு விழுந்த அடிமரத்தில் உட்கார்ந்து வெயிலின் விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. உச்சியில் மஞ்சள் கதிர்க்குருவிகள். சற்றுக் கீழே, உடல் முழுக்கச் செம்பருத்தி நிறத்தில் கோடை டனேஜர், குளவிகளைப் பிடித்துக் கிளையில் அடித்துத் தின்றுகொண்டிருந்தது. அதற்கும் கீழே பட்டுப்போன கிளையில் ஹீலா மரங்கொத்தி, ஆண் என்றால் உச்சந்தலையில் சிவப்புக் குல்லா. வேறிடங்களில் சகுவாரோ கள்ளியைக் குடைந்து வீடு கட்டுகிற இது, கள்ளி இல்லாத இங்கே காட்டன்வுட்டைக் குடைந்துகொள்கிறது.

பிறகு வந்தது அந்தச் சிவப்பு. வெர்மிலியன் ஈபிடிப்பான். ஆணின் தலையும் மார்பும் கல்யாண முருங்கைப் பூவின் நிறம், முதுகும் சிறகும் கருமை. அதன் பேரினப் பெயருக்குக் கிரேக்கத்தில் நெருப்புத்தலை என்று பொருள். மிகையே இல்லை. தண்ணீருக்கு மேலே நீண்ட ஒரு குச்சியில் உட்கார்ந்து, பாய்ந்து பூச்சியைப் பிடித்து, அதே குச்சிக்குத் திரும்பி வந்தது. ஈபிடிப்பான்களின் இந்தப் பழக்கம் தெரிந்திருந்தால் போதும், பறந்துபோன திசையில் ஓட வேண்டியதில்லை. தொலைநோக்கியைக் குச்சிமேலேயே நிறுத்தி வைத்துக் காத்திருக்கலாம். நான் பத்து முறைக்கு மேல் எண்ணினேன், ஒரே ஒரு முறைதான் பக்கத்துக் கிளைக்கு மாறியது. நடுவில் ஒருதரம் மார்பை உப்பிக்கொண்டு நேராக மேலே ஏறி, சிறகு படபடக்க அந்தரத்தில் நின்று பாடியது. கீழே பழுப்பு நிறத்தில், வயிற்றடியில் மட்டும் இளஞ்சிவப்புப் பூசிய பெண் பறவை அதைப் பொருட்படுத்தவே இல்லை.

தொலைநோக்கி பற்றிக் கேட்பவர்களுக்கு: 8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். பத்து மடங்கு பெரிதாக்குவதை வாங்கினால் கை நடுக்கமும் கூடவே பெரிதாகும், பார்வைப் பரப்பு சுருங்கும், கிளைகளுக்கு நடுவே பறவையைத் தேடுவதற்குள் அது பறந்திருக்கும். 42 மில்லிமீட்டர் வாய் விடியற்காலை மங்கலில் போதுமான வெளிச்சத்தை உள்ளே விடும். பறவையைக் கண்டதும் குனிந்து கருவியைப் பார்க்காதீர்கள். பார்வையைப் பறவைமேல் அப்படியே வைத்துக்கொண்டு கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இந்த ஒன்றைப் பழகவே எனக்கு ஒரு மாதம் ஆனது, வீட்டு ஜன்னலிலிருந்து மின்கம்பத்துப் புறாக்களை வைத்துப் பழகினேன். உடை மண் நிறமாக இருக்கட்டும். முதல் தடவை நான் போட்டுப் போனது வெள்ளைச் சட்டை.

கரையின் ஈரச் சேற்றில் இரவு வந்து போனவர்களின் கையெழுத்து இருந்தது. மான் குளம்பு, காட்டுப்பன்றியைப் போன்ற ஹவெலினாவின் சிறு குளம்பு, கீரியோ ரக்கூனோ என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்ட ஒரு விரல்தடம். கீரி இந்தக் கண்டத்திலேயே கிடையாது என்பது அரை நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. சேறு விடியலில் அதிக ஈரமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பகலெல்லாம் காட்டன்வுட்டும் வில்லோவும் வேர் வழியாக நிலத்தடி நீரை உறிஞ்சி இலை வழியாக வெளியே விடுகின்றன, பிற்பகலில் ஆற்றின் ஓட்டம் கண்கூடாகக் குறைகிறது. இரவில் மரங்கள் ஓய்ந்ததும் தண்ணீர் மெல்ல ஏறுகிறது. விடியலில் நீங்கள் பார்ப்பதுதான் அன்றைய நாளின் நிறைந்த ஆறு.

ஓர் இடத்தில் வில்லோ மரத்தின் அடிப்பகுதி பென்சில் சீவியதுபோல் கூராக நின்றது. மரத்தைக் கொறித்துச் சாய்க்கும் ஆற்று விலங்கான பீவரின் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோலுக்காக வேட்டையாடியவர்கள் இந்த ஆற்றையே பீவர் ஆறு என்று அழைத்தார்களாம். பிறகு ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1999இல் தொடங்கி மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். ஆட்கள் அணை கட்டாத ஆற்றில் இவை கட்டுகிற குச்சி அணைகளை மட்டும் எல்லோரும் வரவேற்கிறார்கள். ஆனால் ஆற்றுக்கு ஆபத்து அணையால் வரவில்லை. கோடையில் இது ஓடுவதே நிலத்தடி நீர் ஊறி வருவதால்தான். சுற்றியுள்ள நகரமும் ராணுவத் தளமும் வீடுகளும் அதே நீரைக் குழாய்க் கிணறுகளால் இழுக்கின்றன. மேலே ஒரு துளியைத் தொடாமலேயே ஓர் ஆற்றைக் குடித்துவிட முடியும். மணல் ஆறுகளின் கரையில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏழு மணிக்கு மேல் உச்சிக் கிளைகள் காலியாகிவிட்டன. கூட்டம் நிழலுக்குள், தரைக்கு வந்துவிட்டது. உலர்ந்த இலைக் குவியலில் இரண்டு கால்களாலும் ஒரே நேரத்தில் பின்னோக்கி உதைத்து இரை தேடிக்கொண்டிருந்தது ஏபர்ட் டோஹி. தவிட்டுக்குருவியின் நிறம், அதே பரபரப்பு, முகத்தில் மட்டும் கரி பூசியதுபோல். இதை அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்தப் பறவையின் உலகம் பெரும்பாலும் அரிசோனாவின் ஆற்றோரங்களும் அக்கம்பக்கமும் மட்டும்தான். ஆயிரக்கணக்கான மைல் பறந்து தப்பிக்கிற வழி இதற்கு இல்லை. சிவப்பு ஈபிடிப்பானைவிட இதைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்.

தலைக்கு மேலே நீண்ட, இறங்கிச் செல்லும் சீட்டி ஒன்று கேட்டது. சாம்பல் பருந்து. மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும்தான் இதன் தாய்வீடு, அமெரிக்காவுக்குள் கூடு கட்டுகிற கொஞ்சத்தில் பெரும்பங்கு இந்தப் பகுதியில்தான். காட்டன்வுட்டின் கவட்டையிலிருந்து இறங்கி மெஸ்கீட் ஓரத்தில் ஓணானைப் பிடித்துக்கொண்டு போனது. அப்போதுதான் ஒரு விஷயம் தோன்றிச் சிரித்துக்கொண்டேன். பாலைத் திணைக்குரிய பறவைகள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது புறா, பருந்து, எருவை. வெண்சிறகுப் புறா விடியலிலிருந்து கூவிக்கொண்டே இருந்தது. பருந்து இதோ. மிச்சம் எருவை.

அதுவும் எட்டரை மணி சுமாருக்கு வந்தது. சிவந்த மொட்டைத் தலை, சிறகை அசைக்காமல் ஆடி ஆடி மேலேறுகிற வான்கோழிக் கழுகு. நிலம் சூடேறி வெப்பக்காற்று எழும்பாமல் அது எழும்பாது. அதனால் எனக்கு அதுவே கடிகாரம். எருவை எழுந்தால் மற்ற பறவைகள் அடங்கும் நேரம், நீங்களும் திரும்பலாம். கொண்டுபோன இரண்டு லிட்டர் தண்ணீரில் பாதி அப்போதும் கையில் இருக்க வேண்டும், திரும்புகிற வழியில் நிழல் கிடையாது. ஜூலையில் மழைக்காலம் தொடங்கிய பிறகு போகிறவர்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை நம்ப வேண்டாம். மழை எங்கோ தெற்கே மெக்ஸிகோ மலைகளில் பெய்யும், வெள்ளம் இங்கே வரும்.

கிளம்பும்போது மரக்கூட்டத்தின் ஆழத்திலிருந்து கட்டையைத் தட்டியது போல் ஒரு குரல், வேகமாகத் தொடங்கித் தளர்ந்து முடிந்தது. மஞ்சள் அலகுக் குயில். தென்னமெரிக்காவிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, மற்றவையெல்லாம் குஞ்சு பொரித்துவிட்ட பிறகு நிதானமாகக் கூடு கட்டத் தொடங்குகிற சோம்பேறி. ஆனால் நம் குயிலைப் போல் காக்கையின் தலையில் கட்டிவிடாமல், பெரும்பாலும் தானே கட்டித் தானே வளர்க்கிறது. மேற்கு அமெரிக்காவில் இதன் எண்ணிக்கை தேய்ந்துபோய், 2014இல் அழிவை நோக்கிச் செல்லும் இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். இருபது நிமிடம் காத்திருந்தேன். வாலடியின் பெரிய வெள்ளைப் பொட்டுகள் இலைகளுக்கு நடுவே ஒரு கணம் தெரிந்தன. முப்பத்தொன்றாவது பெயர் அது.

பெருமையோடு மேற்குக் கரைக்குத் தாண்டி வந்தேன். ஆறு வளைகிற இடத்தில், விடியலில் நான் கடந்துபோனபோது இருட்டில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, அதே நாற்காலியில் அப்படியே இருந்தார். மடியில் தொலைநோக்கி, பக்கத்தில் தேநீர்க் குடுவை. முப்பத்தொன்று என்றேன். நல்ல காலைதான் என்றார். உங்களுக்கு என்று கேட்டதற்கு நோட்டைத் திருப்பிக் காட்டினார். நாற்பத்து நான்கு. பட்டியலின் நடுவில், ஆறு நாற்பது என்று நேரம் போட்டு, பச்சை மீன்கொத்தி. எதிரே தண்ணீர்மேல் சாய்ந்திருந்த ஒரு குச்சியைக் காட்டி, அதில்தான் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தது என்றார்.

குச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். காலியாக இருந்தது. பிறகு அந்த நாற்காலியை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன்.